கோணல் வீட்டின் ஐந்நூறு வருஷம்

அகழித் தண்ணீரில் அந்த வீட்டின் நிழல் நெளிந்து நெளிந்து தெரியும். காற்றடிக்கிறது, தண்ணீர் அலைகிறது, அதனால்தான் நிழல் கோணிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால் வீடே அப்படித்தான் நிற்கிறது. மேல்மாடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறது. நடுமாடி வயிறு துருத்திக்கொண்டு முன்னால் வந்திருக்கிறது. ஜன்னல் வரிசை, கொடியில் காயப்போட்ட ஈர வேட்டி மாதிரி நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் ரசமட்டத்தை வெளியே எடுக்கவே மாட்டார். முதலில் உள்ளே இருக்கிற ஆட்களை வெளியே வரச் சொல்வார்.

ஆனால் விழவில்லை. நானூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக விழாமல் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

வடமேற்கு இங்கிலாந்தில் செஷயர் என்றொரு மாவட்டம். அங்கே காங்கில்டன் என்ற சிற்றூருக்குத் தென்மேற்கே ஏழு கிலோமீட்டரில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். ஹால் என்றதும் கல்யாண மண்டபம் நினைவுக்கு வர வேண்டாம். பண்ணையாரின் பெரிய வீட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. சுற்றிலும் பத்து மீட்டர் அகல அகழி. எதிரிக்குப் பயந்து வெட்டியது என்பதைவிட, 'எங்களிடமும் அகழி இருக்கிறது' என்று ஊருக்குக் காட்ட வெட்டியது என்பதே பொருத்தம். அகழிக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. தெற்குப் பகுதியின் கழிப்பறைகள் நேராக அதற்குள்தான் இறங்கின. இன்று படம் எடுக்கிறவர்கள் ரசிக்கும் அந்தத் தண்ணீருக்கு ஒரு காலத்தில் வேறு மணம்.

மோர்ட்டன் குடும்பம் நிலத்தில் கெட்டிக்காரக் குடும்பம். 1348-ல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தைத் துடைத்துப்போட்டபோது உழ ஆளில்லாமல் நிலம் மலிந்தது. அவர்கள் வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது மறுபடியும் நிலம் சந்தைக்கு வந்தது; மறுபடியும் வாங்கினார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் அவர்கள் கையில் 1,360 ஏக்கர் இருந்தது. மாவு அரைக்கும் ஆலை, பழத்தோட்டங்கள், தண்ணீர் விசையால் சம்மட்டி அடிக்கும் இரும்புப் பட்டறை எல்லாம் தனி. ஊரார் சாவிலும் மடங்களின் அழிவிலும் வளர்ந்த சொத்து என்று சொன்னால் கடுமையாக இருக்கலாம், பொய்யாக இருக்காது.

கை நிறைந்தவர் வீடு கட்டுவார். 1504-லிருந்து 1508-க்குள் வில்லியம் மோர்ட்டன் என்பவர் பெருங்கூடத்தையும், அதை ஒட்டிய கிழக்குப் பகுதியில் வடபாதியையும் கட்டினார். அப்புறம் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. 1546-ல் மேற்குப் பக்கம் சமையல் வேலைகளுக்கான பகுதி புதிதானது. 1560–62 வாக்கில் தெற்கே நுழைவாயிலோடு ஒரு பெரும்பகுதி எழுந்தது. கடைசியாக 1610-ஐ ஒட்டி ஒரு சின்ன சமையலறை, பீர் காய்ச்சும் கொட்டகை. நூறு வருஷம் நடந்த வேலை. முழுதாக யாரும் வரைபடம் போட்ட மாதிரித் தெரியவில்லை. கல் பாவிய முற்றத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு ஒட்டவே ஒட்டாது. கூட்டுக்குடும்பத்தில் ஆளுக்கொரு அறை இழுத்துக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

செஷயர் சமவெளி களிமண் பூமி. கட்டடக் கல் அருமை, ஓக் மரம் தாராளம். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் மரத்தால் எழும்பின. சுவர் கூரையைத் தாங்கும் வீடு இல்லை இது. இதில் சுவர் எதையும் தாங்காது. ஓக் கால்களும் உத்தரங்களும் கைமரங்களும் சேர்ந்த எலும்புக்கூடுதான் வீடு. இடையில் இருக்கும் கட்டங்களில் வரிச்சு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். ஒரு கட்டம் உடைந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம், எலும்பு அசையாது.

அந்த எலும்பைப் பூட்டும் விதம்தான் தச்சு வேலையின் சாரம். ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவார்கள். இன்னொன்றில் அதே அளவுக்குத் துளை தோண்டுவார்கள். நாக்கைத் துளைக்குள் செருகி, குறுக்கே ஓட்டை போட்டு ஓக் மரமுளையை அடித்து இறக்கினால் பூட்டு விழுந்துவிடும். இரும்பாணியைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: ஓக் மரத்தில் ஊறியிருக்கும் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும். இன்னொன்று, அவர்கள் மரத்தை வருஷக்கணக்கில் காயவிட்டுக் காத்திருக்கவில்லை. காய்ந்த ஓக் கல்லுக்குச் சமம், வாய்ச்சியும் உளியும் திணறும். எனவே வெட்டிய ஈரத்தோடேயே செதுக்கிப் பூட்டினார்கள். நின்ற இடத்தில் மரம் காயும், சுருங்கும், முளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். கூடவே கொஞ்சம் முறுக்கவும் செய்யும். பழைய ஓக் வீடுகள் எல்லாமே ஓரளவு கோணலாக இருப்பதன் முதல் ரகசியம் இது. மரம் வெட்டிய கையோடு வீட்டுக்கு வந்துவிட்டதால், உத்தரத்தின் வளையங்களை எண்ணியே வீட்டின் வயதை ஆராய்ச்சியாளர்களால் சொல்ல முடிகிறது.

சட்டங்களை முதலில் பட்டறைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பது அன்றைய வழக்கம். சரியாக அமர்ந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ரோம எண்ணைக் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் எண் பார்த்துத் திரும்பப் பூட்டுவார்கள். ரோம எண் படிப்பாளித்தனத்துக்காக வந்ததல்ல. உளியால் நேர்க்கோடு கீறுவது சுலபம், வளைவு போடுவது பாடு. அவ்வளவுதான்.

லிட்டில் மோர்ட்டன் ஹாலில் தேவைக்கு மேலேயே மரம் இருக்கிறது. கட்டம், சாய்சதுரம், நாலிதழ்ப் பூ என்று சுவர் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி இழைத்திருக்கும் துண்டுகளில் பலவற்றை உருவி எடுத்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அவை பாரம் தாங்க வந்தவை இல்லை, பவிசு காட்ட வந்தவை. மரத்தை இப்படி வாரி இறைக்க முடியும் என்பதே அன்று ஒரு செய்தி.

அதைவிடப் பெரிய பவிசு கண்ணாடி. முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்த மறுவருஷம் 1559. கட்டியவரின் அதே பெயர் கொண்ட வாரிசான இன்னொரு வில்லியம் மோர்ட்டன், பெருங்கூடத்தின் உயரத்தில் குறுக்கே ஒரு தளம் போட்டு மாடியாக்கினார். முற்றத்தைப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல்களை வெளியே நீட்டிக் கட்டச் சொன்னார். ஜன்னல் என்று சொன்னால் அளவு புரியாது. இரண்டு மாடி உயரத்துக்குப் பல முகம் கொண்ட கண்ணாடிக் கூண்டுகள் அவை. எவ்வளவு நெருக்கம் என்றால் இரண்டின் கூரைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. வாசற்படியில் இரண்டு பருத்த மனிதர்கள் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்ட மாதிரி. வீடு முழுக்க ஈயக் கம்பியில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் முப்பதாயிரம் என்று கணக்கு. சதுரம், வட்டம், முக்கோணம் என்று மரத்தில் இருக்கும் கோலமே கண்ணாடியிலும் தொடரும். பெரிய பலகையாகக் கண்ணாடி செய்ய அன்று வழியில்லை. சின்னச் சில்லுகளைச் சேர்த்துத்தான் பெரிய வெளிச்சம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பதினாறாம் நூற்றாண்டுக் கண்ணாடியில் நிறைய இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்த ஜன்னல்களின் மேல் பலகையில் எழுத்து செதுக்கியிருக்கிறது. ஆண்டவனுக்கு ஒரு வணக்கம், செய்வித்தவர் வில்லியம் மோர்ட்டன் என்ற தகவல், ஆண்டு ரோம எண்ணில். இதில் வியப்பில்லை, காசு போட்டவர் பெயர் எங்கேயும் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது. தச்சர் ரிச்சர்ட் டேல், கடவுள் கிருபையால் இந்த ஜன்னல்களைச் செய்தார் என்கிறது அது. தச்சர் என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை. இருக்கட்டுமே. அந்தக் காலத்து இங்கிலாந்தில் எத்தனையோ மாளிகைகளைக் கட்டியவர்கள் பேரில்லாமல் போனார்கள். இங்கே ஒரு தச்சர், முதலாளியின் பெயருக்குச் சமமான உயரத்தில், முதலாளி வீட்டு முற்றத்திலேயே தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அந்தப் பலகையைப் பார்க்கலாம்.

இனி கோணலின் இரண்டாவது ரகசியம்.

தெற்குப் பகுதியை வில்லியமின் மகன் ஜான் கட்டினார். இரண்டு மாடி எழும்பிய பிறகோ, எழும்பிக்கொண்டிருக்கும்போதோ, அதன் தலையில் மூன்றாவதாக ஒரு நீள்கூடமும் வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எலிசபெத் காலத்தில் நீள்கூடம் இல்லாத வீடு அந்தஸ்து குறைந்த வீடு. மழை விடாத நாளில் உலாவவும் ஆடவும் அதுதான் இடம். 68 அடி நீளம், நாலாபுறமும் ஏறக்குறைய இடைவெளியே இல்லாத ஜன்னல் வரிசை. அதாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. அதன் மேல் கூரையாக ஏற்றியதோ கனத்த கல் பலகைகள்! கீழே இருந்த சட்டம் இந்தப் பாரத்தை எதிர்பார்த்துப் போட்டதில்லை. அது வளைந்தது, வளைந்துகொண்டே போனது. பதினேழாம் நூற்றாண்டில் யாரோ பயந்துபோய் கூரைச் சட்டங்களுக்கு இடையே குறுக்கு விட்டங்களைப் பூட்டினார்கள். இல்லாவிட்டால் கூடம் பக்கவாட்டில் வெடித்துப் பிளந்திருக்கும். இன்று நீள்கூடத்தில் நடப்பது கிட்டத்தட்டக் கப்பல் தளத்தில் நடப்பதுதான். தரை ஏறும், இறங்கும், ஓரிடத்தில் கால் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும்.

அந்தக் கூடத்தின் இரண்டு கோடியிலும் சுவர் உச்சியில் சுதையில் இரண்டு பெண் உருவங்கள் உண்டு. ஒருத்தி அதிர்ஷ்டம், கையில் சக்கரம். அந்தச் சக்கரத்தை ஆள்வது அறியாமை. மற்றவள் விதி, அவளை ஆள்வது அறிவு. ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் 1556-ல் வெளியிட்ட வானவியல் நூலிலிருந்து எடுத்த உருவங்கள் இவை. மறுவருஷம் வந்த தன் இன்னொரு நூலில், இன்று உலகமே எழுதும் சமக்குறியை அறிமுகப்படுத்தியவரும் இதே ரெக்கார்ட்தான். நூலில் விதியின் கையில் இருப்பது கோளம். சுதைக்காரர் எழுதும்போது ஆங்கில எழுத்து கொஞ்சம் இடறி, கோளம் ஈட்டியாகப் படிக்கும்படி ஆகிவிட்டது. அறிவே விதியை ஆளும் என்று உச்சியில் எழுதிய கூடம், அடியில் தாங்குமா என்று பார்க்காமல் கட்டிய கூடம் என்பதை யாராவது ஜானிடம் சொன்னார்களா தெரியாது.

பவிசு நீடிக்கவில்லை. 1640-களில் உள்நாட்டுப் போர். சுற்றிலும் இருந்தவர்கள் நாடாளுமன்றக் கட்சி, மோர்ட்டன்கள் அரசர் கட்சி. 1643-ல் வீட்டைப் பறித்து நாடாளுமன்றப் படையினரைத் தங்கவைத்தார்கள். மனுப் போட்டு வீட்டைத் திரும்ப வாங்கினார்கள், பணம் திரும்பவில்லை. எஸ்டேட் முழுவதையும் விற்றுவிடப் பார்த்தார்கள், சில துண்டுகள்தான் விலைபோயின. 1654-ல் அன்றைய வில்லியம் மோர்ட்டன் இறந்தபோது விட்டுப்போன கடன் மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் பவுன் வரை. 1670-களின் முடிவில் குடும்பமே அங்கிருந்து கிளம்பிவிட்டது. வீடு குத்தகை விவசாயிகள் கைக்குப் போனது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மோர்ட்டன்களிடம் காசு இருந்திருந்தால் இந்த வீடு இன்று இருந்திருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டில் பணமுள்ள ஆங்கிலேயப் பண்ணையார்கள் பலர் தங்கள் பழைய மரவீடுகளை இடித்துவிட்டுச் செங்கல்லிலும் கல்லிலும் புதுப் பாணியில் கட்டிக்கொண்டார்கள், அல்லது முன்பக்கத்துக்குச் செங்கல் முகமூடி போட்டார்கள். மோர்ட்டன்களுக்கு இடிக்கவும் வக்கில்லை. குத்தகைக்காரருக்கோ கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். 1847-ல் வீட்டின் பெரும்பகுதி காலி; பூஜை நின்றுபோன சிற்றாலயத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள். ஓவியர்கள் வந்து வரைந்தார்கள், பாழடைந்த வீட்டின் மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கிறக்கம். பின்னால் எகிப்தியத் தொல்லியலுக்காக ஒரு நிதியையே தொடங்கிய எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ், தன் 1880-ம் வருஷத்து நாவலுக்கு இந்த வீட்டைக் களமாக்கினார்.

1892-ல் வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற ஆங்கிலிக்கன் துறவியிடம் வந்தது. அப்போது அது கிட்டத்தட்ட இடிபாடு. துறவிக்கு முதலில் உறுத்தியது சிற்றாலயமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. கரியை வாரிவிட்டு அதை மறுபடி ஆலயமாக்கினார். நீள்கூடத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளும் அவர் காலத்தில் இறங்கியவை என்றே கருதுகிறார்கள். 1912-ல் வீடு அவருடைய உறவினரான பிஷப் சார்லஸ் ஏபிரகாமுக்குப் போனது, எக்காலத்திலும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிஷப் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆளுக்கு ஆறு பென்ஸ். காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டியவர்கள் 1841 முதல் அங்கே குத்தகையிருந்த குடும்பத்தார். அவர்கள் பெயரும் டேல். ஜன்னல் செய்த டேலோடு உடனே உறவு முறை கோத்துவிட வேண்டாம். அந்தப் பக்கத்தில் அது சாதாரணப் பெயர். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது. 1938-ல் பிஷப்பும் அவர் மகனும் வீட்டை, பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார்கள். 1955 வரை டேல் குடும்பமே வீட்டைப் பார்த்துக்கொண்டது. குத்தகையாகவும் காவலாகவும் நூற்றுப் பதினான்கு வருஷம்!

நேஷனல் டிரஸ்ட்டுக்கும் மரவீட்டுக்கும் பழைய பந்தம். 1895-ல் தொடங்கிய அந்த அமைப்பு மறுவருஷம் வாங்கிய முதல் கட்டடமே சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் உள்ள பதினான்காம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுதான். விலை பத்துப் பவுன்.

லிட்டில் மோர்ட்டன் ஹால் இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரைதான் அந்தத் தரம். உள்ளேயோ வெளியேயோ அதன் தன்மையைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறேன்' என்று சுரண்டித் தேய்த்துப் புத்தம்புதிதாக்கியவர்களைக் கண்டு கொதித்துப்போன வில்லியம் மாரிஸ், 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுது பார், ஆனால் பழையது மாதிரி நடித்துப் புதிதாகக் கட்டாதே என்பது அவர்கள் கட்சி.

லிட்டில் மோர்ட்டன் ஹாலில் அந்தக் கட்சி ஒரு தர்மசங்கடத்தில் மாட்டியது. விஷயம் நிறம். காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்க்கும் ஆங்கிலேய மரவீடு பளிச்சென்று கறுப்பும் வெள்ளையுமாக இருக்குமே, அந்த வேஷம் விக்டோரியா காலத்தது. வீடு எழுந்த ட்யூடர் காலத்தில் ஓக்கை அப்படியே விட்டார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெள்ளி நிறத்துக்கு வெளுக்கும். இடையிலிருக்கும் பூச்சு காவி மஞ்சள். ஆக, பழமையின் அடையாளம் என்று உலகம் ரசிக்கும் கறுப்பு வெள்ளை நூற்றுச் சொச்ச வருஷத்துச் சாயம். அந்தச் சாயத்தைப் பார்த்து ஆங்கிலேயப் புறநகர்கள் தெருத்தெருவாகப் போலி ட்யூடர் வீடுகளைக் கட்டிக்கொண்டன, செங்கல் சுவர்மேல் பலகை ஒட்டி. அந்த மோகத்தின் உச்சம் லண்டனில் 1924-ல் எழுந்த லிபர்ட்டி கடை. அதற்கு மரம் தந்தவை உடைத்த இரண்டு போர்க்கப்பல்கள், ஒன்றின் பெயர் ஹிந்துஸ்தான்.

1977-ல் தெற்குக் கூரையின் கல் பலகைகள் பிடிப்பு விட்டுவிட்டது தெரிந்தது. ஆறு கட்டமாக வேலை தொடங்கியது. வளைவை நிமிர்த்தவில்லை, வளைந்த மேனிக்கே தாங்கி நிறுத்தினார்கள். நிமிர்த்தியிருந்தால் நானூறு வருஷமாக வளைவுக்கேற்ப அமர்ந்துவிட்ட மூட்டுகள் தெறித்திருக்கும். மாற்றிவைத்த புது மரங்களுக்குக் கறுப்பு பூசாமல் இயல்பாகவே விட்டுவிட்டார்கள். பழைய கறுப்பைச் சுரண்டவும் இல்லை. விளைவு, கூர்ந்து பார்த்தால் எது பழசு, எது ஒட்டு என்று யாருக்கும் தெரியும். அழகு கெட்டது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் பொய் சொல்லாத ஒட்டு அது.

அந்தக் காலத்தை ஒட்டி வீடு சில சாமான்களைத் திருப்பியும் கொடுத்தது. 1976-ல் வரவேற்பறைப் பலகைச் சுவரைக் கழற்றியபோது பின்னால் பதினாறாம் நூற்றாண்டு ஓவியம். பைபிளோடு சேர்ந்த சூசன்னாள் கதை, குளிக்கும் பெண்ணை ஒளிந்து பார்த்த கிழவர்கள் மாட்டிக்கொண்ட கதை, காட்சி காட்சியாக. அதன் கீழே மரப்பலகை அடித்த மாதிரித் தோன்றும்படி தீட்டிய போலிப் பலகை. பிற்காலத்தார் அந்தப் போலிப் பலகையின் மேல் நிஜப் பலகையை அடித்துவிட்டிருக்கிறார்கள்.

நீள்கூடத்துப் பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்தும் ஒன்று கிடைத்தது: நான்கு பழைய டென்னிஸ் பந்துகள். மழைநாளில் யாரோ ஆடி, இடுக்கில் விட்டு, கைவிட்டுத் துழாவி எட்டாமல் போனவை. அந்தத் தரையில் பந்து எந்தப் பக்கமாக உருண்டிருக்கும் என்பதற்குப் பெரிய கணக்கொன்றும் வேண்டாம்.